காபி கூடாத கண்

அன்று ஆவடியிலிருந்து பூந்தமல்லி போகும் பஸ்ஸில் பாதிப் பேர் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார்கள். ஊரெல்லாம் மெட்ராஸ் ஐ. எனக்கு முன் சீட்டில் புதுச் சட்டை போட்ட ஓர் இளைஞனும் அவன் நண்பனும்.

"காபி மட்டும் தொடவே கூடாது மாமே," என்றான் புதுச் சட்டைக்காரன். "சேக்காட்டு ஓமியோபதி டாக்டர் கண்டிஷனா சொல்ட்டாரு. காபி குட்ச்சா மருந்து வேலை செய்யாதாம்."

கண்ணாடியைக் கழற்றினான். "பாரு, நாலே நாளு! சீனி உருண்டை மாதிரி மாத்திரை. கை படாம மூடியில கொட்டி அப்டியே நாக்குல போட்டுகினேன். செவப்பு கீதா?"

"லேசா கீது. எப்ப வரைக்கும் காபி கூடாதாம்?"

"இன்னும் மூணு நாளு."

நண்பன் துள்ளி நிமிர்ந்தான். "டேய், இப்ப எங்க போய்கினு கீறோம்?"

"குமணன்சாவடிக்கு. பொண்ணு பாக்க."

"பொண்ணு கையில இன்னா எடுத்துகினு வரும்?"

அவன் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டான்.

"காபி," என்றான் புதுச் சட்டைக்காரன்.

"அத்த வேணான்னு சொன்னீன்னா, பொண்ணையே வேணான்ட்டேன்னு நெனச்சுக்குவாங்க!"

"ஐயோ, போட்டோலயே அவ்ளோ அழகா கீது மாமே!"

"குமணன்சாவடி!" என்று கண்டக்டர் கத்தினார். பெண்கள் சீட்டிலிருந்து அவன் அம்மா பூப்பையோடு எழுந்தாள். அவன் மாத்திரைக் குப்பியை நண்பன் பாக்கெட்டில் திணித்தான்.

"கண்ணு செவந்தா செவந்துட்டுப் போவுது. நான் ரெண்டாவது டம்ளரும் கேட்டு வாங்கிக் குடிப்பேன்!"