காய்ச்சிக் குடியுங்கள்

எனக்குக் குரல் நன்றாக இருக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். சுற்றுச்சூழல் உதவி மையத்தில் என்னைத் தொலைபேசி முன் உட்கார வைத்ததே அதனால்தான். பதினோரு வருடம். குப்பை எரிக்கிறார்கள், சாக்கடை பொங்குகிறது என்று கொதித்துக்கொண்டு கூப்பிடுகிறவர்களை இரண்டே நிமிடத்தில் ஆற வைத்துவிடுவேன்.

விசாரணைக்கு வந்திருக்கிறீர்கள், எங்கள் வேலைமுறையை முதலில் சொல்லிவிடுகிறேன், ஐயா. புகாரைக் கேட்டு, ஏதாவது யோசனை சொல்லி, கடைசியில் "உங்களுக்குப் பதில் கிடைச்சுதுங்களா?" என்று கேட்க வேண்டும். கிடைத்தது என்றால் புகார் முடிந்தது. ஒரே தெருவில் மூன்று புகார் முடியாமல் நின்றால் ஆய்வாளர் நேரில் போயாக வேண்டும். ஆய்வாளர் ஒருவர்தான், ஊரோ பெரியது. அவரை அலைய விடாமல் பார்த்துக்கொள்கிறேன் என்று மேலதிகாரியே மெச்சியிருக்கிறார். அது பெரிய வித்தை ஒன்றுமில்லை. அக்கறையாகப் பேசுகிறவனிடம் யாருக்கும் 'இல்லை' என்று சொல்ல வாய் வராது.

பழைய பேட்டரி உருக்கும் கொட்டகைக்குப் பின்னால் ஒரு தெரு. என் தங்கை தன் மகளோடு குடியிருப்பதும் அங்கேதான். அங்கிருந்து முதலில் கூப்பிட்டது ஒரு தையல்காரம்மா. குழாய்த் தண்ணீர் நாக்கில் கசக்கிறது என்றார். "நல்லா கொதிக்க வெச்சுக் குடிங்கம்மா, பாதியா வத்தட்டும்" என்றேன். பதில் கிடைத்தது என்றார். அவருக்குப் பிறகு நாற்பது பேர் கூப்பிட்டார்கள். நாற்பது பேருக்கும் பதில் கிடைத்தது.

இரண்டாம் மாதம் ஒரு சுற்றறிக்கை வந்தது. அந்தத் தண்ணீரில் ஈயம் கலந்திருக்கிறது, காய்ச்சினால் தண்ணீர்தான் குறையும், ஈயம் அப்படியே நிற்கும், யாரையும் காய்ச்சச் சொல்லாதீர்கள் என்று இருந்தது. படித்துக் கையெழுத்துப் போட்டேன். அன்று சாயங்காலமே இரண்டு தண்ணீர் கேன் வாங்கி, வண்டியில் கட்டிக் கொண்டுபோய்த் தங்கை வீட்டில் இறக்கினேன்.

"எதுக்குண்ணா இதெல்லாம்?"

"குழாய்த் தண்ணியில உப்பு ஜாஸ்தி. பாப்பாவுக்கு இதையே கொடு."

உண்மையைச் சொன்னால் தெருவுக்கே சொல்லிவிடுவாள். அவள் வாயில் எதுவும் தங்காது. அப்புறம் தெருவே கூப்பிட்டு, வேறு தண்ணீருக்கு எங்கே போவது என்று கேட்கும். அதற்கு என்னிடம் பதில் இல்லை. பதில் சொல்லாமல் ஃபோனை வைப்பது என் சுபாவமில்லை. அதனால் மறுநாளும் காய்ச்சிக் குடிக்கத்தான் சொன்னேன். தங்கை வீட்டுக்கு மட்டும் வாரம் தவறாமல் கேன் போயிற்று.

தங்கைக்கு மில்லில் வேலை. பள்ளிக்கூடம் விட்டதும் பாப்பா எங்கே இருப்பாள் என்று நான் கேட்டதே இல்லை. அடுத்த வீட்டில் இருந்திருக்கிறாள், தையல்காரம்மாவிடம்.

ஆறு வயது. முதலில் வயிற்றுவலி என்றாள். சாப்பிட அடம் பிடிக்கிறாள் என்று நானும் சேர்ந்து அதட்டினேன். பிறகு வலிப்பு வந்தது. ரத்தத்தில் ஈயம் என்றார் டாக்டர். மூன்றாவது வலிப்புக்குப் பிறகு அவள் கண் திறக்கவில்லை. மாமா என்று என்னைக் கூப்பிட அவள் ஒருத்திதான் இருந்தாள். இன்னும் யாராவது அப்படிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறேன்.

எடுத்துப் போன அன்று தையல்காரம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "பச்சைத் தண்ணி ஒரு வாய்கூடக் கொடுத்ததில்லீங்க. ஃபோன்ல ஒரு நல்ல மனுஷர் சொன்னாரு. பாதியா வத்துற வரைக்கும் கொதிக்க வெச்சுத்தான் குழந்தைக்குக் கொடுத்தேன்."

ஆறுதல் சொல்ல வாயெடுத்தேன். குரலை வைத்து என்னைக் கண்டுபிடித்துவிடுவாரே என்று பேசாமல் இருந்துவிட்டேன். தங்கையிடமும் இன்றுவரை சொல்லவில்லை.

தெரிந்தேதான் சொன்னேன், ஐயா. மறைக்கவில்லை. ஆனால் நாற்பத்தொரு பேரில் ஒருவர்கூட என்னைக் குறை சொன்னதில்லை. வேண்டுமானால் ஒலிப்பதிவைப் போட்டுக் கேளுங்கள், எல்லோரும் நன்றி சொல்லித்தான் வைத்திருப்பார்கள். நீங்கள் கேட்டதையும் சொல்லிவிட்டேன்.

உங்களுக்குப் பதில் கிடைச்சுதுங்களா?