ஊதிப் பார்த்த கல்

அன்று என் வீட்டில் இருந்தவர்கள்: நான், அக்கா, அத்தான். மேசைமேல் அத்தான் அக்காவுக்கு வாங்கிவந்த வைர மோதிரம். வேறு யாரும் இல்லை, சார்.

வைரம் வாங்குகிறவர்கள் முதலில் எடையைத்தான் கேட்பார்கள். ஆனால் முதலில் பார்க்க வேண்டியது கல்லில் தீட்டிய பட்டையை. பட்டை சரியாக விழாத கல், எவ்வளவு பெரிதாக இருந்தாலும் கண்ணாடித் துண்டு மாதிரிதான் கிடக்கும். அப்புறம் நிறம். வெள்ளைத் தாளில் கல்லைக் கவிழ்த்து வைக்க வேண்டும்; நிமிர்த்தி வைத்தால் மினுக்கு கல்லின் மஞ்சள் சாயலை மறைத்துவிடும். பத்தொன்பது வருடமாக நகைக்கடையில் எனக்கு இதுதான் வேலை. வீட்டிலும் ஒரு பரிசோதனை அறை வைத்திருக்கிறேன். ஜன்னல் கிடையாது. இரும்புக் கதவு.

அத்தானோடு சண்டை போட்டுக்கொண்டு அக்கா ஆறு மாதம் என்னோடு இருந்தாள். சமைத்தாள், திட்டினாள், பாட்டுக் கேட்டாள். வீடு வீடாக இருந்தது. அப்போதுதான் அத்தான் மோதிரத்தோடு சமாதானத்துக்கு வந்தார்.

"நிபுணரே, நீ நல்ல கல்லுன்னு சொன்னாத்தான் உங்கக்கா விரலை நீட்டுவாளாம். பாத்துச் சொல்லுப்பா."

லென்ஸில் பார்த்தேன். நல்ல கல். உள்ளே மயிரிழை போல ஒரு கீறல்; மண்ணில் விளைந்ததற்கு அதுவே சாட்சி. போலி என்று சொன்னேன்.

அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "கல்லுலயுமா?" என்று மட்டும் கேட்டாள். அத்தான் வெளிறிப்போனார். "மெஷின்ல இன்னொரு தடவை பாரு" என்று மோதிரத்தை என்னிடமே விட்டுவிட்டுப் போனார்.

நான் பொய் சொன்னதாக எழுதாதீர்கள். நான் சொன்னது அந்த ஆளைப் பற்றி.

மறுநாள் காலை அக்கா மோதிரத்தை எடுத்து அதன்மேல் ஊதினாள். வேலை கற்ற புதிதில் நானே அவளுக்குக் காட்டிய வித்தை. கண்ணாடி என்றால் ஆவி படிந்து நிற்கும். அசல் வைரத்தில் அந்த நொடியே மறைந்துவிடும். மூன்று முறை ஊதினாள். நிற்கவில்லை.

"ஏண்டா?"

"நீ போயிடுவேன்னுதான்."

"போகத்தான் போறேன். என் பையை எங்க வச்ச?"

பரிசோதனை அறையில் இருப்பதாகச் சொன்னேன். உண்மைதான். இரவே எடுத்து வைத்திருந்தேன்.

அன்று மதியம் அத்தான் கேட்டு வந்தார். மோதிரத்தைத் தர மாட்டேன் என்றேன். வாசலில் நின்றே அக்காவுக்குப் போன் போட்டார்; அது சாப்பாட்டு மேசையில் அடித்துக்கொண்டே இருந்தது. அவள் கோபத்தில் எடுக்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, மோதிரத்துக்காக உங்கள் ஸ்டேஷனில் புகார் கொடுக்கப் போனார். நீங்கள் என்னைக் கூட்டிவந்து இன்றோடு மூன்று நாள். கல்லைப் பற்றிக் கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லிவிட்டேன். அக்காவைப் பற்றி நீங்கள் யாரும் கேட்கவில்லை.

என்னிடமிருந்து எடுத்து உறையில் போட்டீர்களே, அந்தக் கொத்தில் நீளமான சாவிதான்.

நல்ல கல்லை நான் ஒருநாளும் வெளியே விட்டுவைத்ததில்லை, சார். அவள் உள்ளே போய்ப் பைக்குக் குனிந்தாள். கதவைச் சாத்தி, இரண்டு சுற்றுப் பூட்டினேன்.