தினமும் பத்து மணிக்கு

காலை பத்து மணி எனக்கு மிகவும் பிடித்த நேரம், ஐயா. வெயில் ஏறியிருக்காது. தெருவில் தறிச் சத்தம் ஒரு சீருக்கு வந்திருக்கும்.

நான் கமலவேணி. வேதியியல் படித்தவள். பட்டுக்கடையில் ஜரிகையைச் சோதிப்பது என் வேலை. ஒரு துண்டை நைட்ரிக் அமிலத்தில் கரைத்து, எவ்வளவு வெள்ளி என்று எழுதித் தருவேன். எனக்குப் பேச வராது. அதே கடைக்கு நெய்யும் உமாபதியிடம் மூன்று வருடங்களில் ஒன்பது வாக்கியங்கள் பேசியிருந்தேன்.

அவருக்குப் பம்பாய் மில்லில் வேலை கிடைத்தது. வெள்ளிக்கிழமை ரயில். புதன்கிழமை அவர் வீட்டில் எல்லோரும் கருட சேவை பார்க்கப் போயிருந்தார்கள். கடையின் ஆறு ஜரிகைக் கண்டுகளை அவருடைய தறிக்குழியில் மிதிகட்டைக்கு அடியில் வைத்தேன். மறுநாள் இருப்பு குறைகிறது என்று முதலாளியிடம் சொன்னேன். நெசவாளர் வீடுகளில் தேடிய போலீஸ் அவர் தறிக்குழியிலிருந்து எடுத்த ஜரிகையைச் சோதித்து, கடைச் சரக்குதான் என்று எழுதிக் கொடுத்ததும் நான்தான். அந்தச் சோதனையில் ஒரு பிழையும் இல்லை.

அவர் ரயிலைத் தவறவிட்டால் போதும் என்றுதான் நினைத்தேன். ஜாமீனைப் பற்றி அப்போது எனக்கு ஒன்றும் தெரியாது. உங்கள் கோர்ட்டில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கேட்டேன். அரசு வக்கீல் பம்பாய் டிக்கெட்டைக் காட்டி, ஓடிவிடுவார் என்றார். நீங்கள் ஜாமீன் கொடுத்து நிபந்தனைகளைச் சொன்னீர்கள். உள்ளூரில் சொத்துள்ள இரண்டு பேர் ஜாமீன் நிற்க வேண்டும். தாலுகாவைத் தாண்டக்கூடாது. தினமும் காலை பத்து மணிக்கு ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும்.

ஸ்டேஷனுக்கு எங்கள் கடையைத் தாண்டித்தான் போக வேண்டும்.

கூரத்து விவசாயி வீராசாமி ஒரு ஜாமீன். இன்னொருவர் கிடைக்கவில்லை. அப்பாவிடம் வீட்டுவரி ரசீதைக் கேட்டேன்.

"திருட்டுக் கேசுமா. ஊரே சிரிக்கும்."

"அவரு ஓடமாட்டாருப்பா."

அப்பா ஜாமீன் நின்றார். அதன்பின் உமாபதி தினமும் கடை வழியாக வந்தார். ஊரில் யாரும் அவருடன் பேசவில்லை. ஆகவே என்னுடன் பேசினார்.

"இன்னாமா, அந்தத் தண்ணிய என்மேல ஒரு சொட்டு ஊத்து. நல்லவன்னு எழுதிக் குடு, ஸ்டேஷன்ல காட்டிட்டு வூட்டுக்குப் போறேன்."

எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அமிலம் மேஜையில் சிந்தியது. மேஜை புகைவதைப் பார்த்துக்கொண்டே சிரித்தேன். அந்த மாதங்களில் கடைப்படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி ஏறினேன்.

ஆவணியில் அவருடைய அம்மா ஏலவார்குழலியை மதராஸ் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நிபந்தனையைத் தளர்த்தும்படி அவர் மனுப் போட்டார். பத்து நாள் கேட்டிருந்தார். பத்து நாள் என்பது பத்து காலை. மதராஸ் போனால் அப்படியே பம்பாய்க்கு ஓடிவிடுவான் என்று இன்ஸ்பெக்டருக்கு வந்த மொட்டைக் கடிதம் உங்களுக்கு நினைவிருக்கும். இடது கையால் எழுதினேன். மனுவைத் தள்ளினீர்கள். நான்காம் நாள் அந்த அம்மாள் இறந்தார்.

மறுவாரம் பத்து மணிக்கு அவர் கடை வாசலில் நின்றார்.

"வாயில ஒரு வாய் தண்ணி ஊத்தக்கூட வுடலமா. நீ ஒருத்திதான் என்ன நம்பிக்கினு இருக்கிற."

முதல் முறையாக என் கையைப் பிடித்தார். பதினேழு விநாடி. எண்ணினேன். அன்று மத்தியானம் எனக்குச் சாப்பாடு தேவைப்படவில்லை.

நேற்று அவருக்கு ஒரு வருடச் சிறை என்றீர்கள். வேலூராம். அங்கே பத்து மணிக்கு யாரும் எந்தக் கடையையும் தாண்டிப் போவதில்லை. இது நியாயமாகத் தெரியவில்லை. அதனால்தான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அவரை விட்டுவிடுங்கள். என்மேல் வழக்குப் போடுங்கள். நான் எங்கும் ஓடமாட்டேன். பத்து மணிக்குத் தவறாமல் கையெழுத்துப் போடுவேன். அவர் வீட்டு வழியாகச் சுற்றிக்கொண்டு வருவேன்.

ஜாமீனுக்கு அப்பா ஒருவர். இன்னொருவர் உமாபதி என்று எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. நான் கேட்டால் அவர் மறுக்கமாட்டார்.