அறுபத்திரண்டாவது குண்டு

எந்தப் பொருள் வாங்கினாலும் கூட வரும் செய்முறைத் தாளை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படிக்கிற ஆள் நான். காபி மெஷின் வாங்கினால்கூட அப்படித்தான். என் மனைவி இருந்த காலத்தில் இதைச் சொல்லியே கிண்டல் செய்வாள். முப்பது வருடமாகப் பல்செட் செய்கிற லேபில் வேலை. மயிரிழை பிசகினாலும் போட்டுக்கொள்கிறவருக்கு ஈறு புண்ணாகிவிடும். எல்டன் ப்ரூயிட் எதையும் அவசரப்பட்டுச் செய்யமாட்டான் என்று எனக்கு ஊரில் பெயர்.

நீங்கள் என்னைப் போலீஸ் ஸ்டேஷனுக்குக் குற்றவாளியாக அழைக்கவில்லை, மேடம். அது தெரியும். ராய்ஸ் டக்கெட் தன் மனைவி நோரீனைத் தானே கொன்றுவிட்டதாக எழுதிக் கொடுத்திருக்கிறான். உடைந்த துப்பாக்கியின் துண்டுகளைப் பார்த்து அவன் எங்கே தவறு செய்தான் என்று சொல்ல, விவரம் தெரிந்த ஒருவர் வேண்டும் என்று அழைத்தீர்கள். என் பெயரைக் கொடுத்ததே ராய்ஸ்தான். சொல்கிறேன். கொஞ்சம் முன்னாலிருந்து தொடங்கினால்தான் விளங்கும்.

நாங்கள் வீட்டிலேயே த்ரீ-டி பிரிண்டரில் துப்பாக்கி செய்கிறவர்கள். இணையத்தில் ஒரு குழு. ஆளுக்கொரு ஊர், பாதிப் பேர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. தலைவனுக்கு அங்கே ‘ஈரவாத்து’ என்று பெயர், எனக்குப் ‘பல்லு’. ராய்ஸ் மாதிரி வெள்ளந்திகள்தான் சொந்தப் பெயரில் இருப்பார்கள். எங்களுக்குள் ஒரு கட்டுப்பாடு உண்டு. ஒரு துப்பாக்கியின் புது கம்ப்யூட்டர் வரைபடக் கோப்பு வெளியே போகுமுன் மூன்று பேர் அதை அச்செடுத்து, ஆளுக்கு இருநூறு குண்டு சுட்டுப் பார்த்து, கூடப் போகும் குறிப்பில் பெயர் போட வேண்டும். மூன்றில் ஒன்று என் பெயராக இருந்தால் மற்ற இரண்டை யாரும் படிக்கமாட்டார்கள்.

யாருடையதாவது உடைந்தால் துண்டுகளைத் தபாலில் எனக்குத்தான் அனுப்புவார்கள். பெரும்பாலும் அச்செடுத்தவன் தவறாகத்தான் இருக்கும். பிளாஸ்டிக்கில் ஈரம் இருந்திருக்கும், இல்லை சூடு போதாமல் இருந்திருக்கும். நான் அப்படி எழுதிவிட்டால் குழுவில் அவனை ஒரு வாரத்துக்கு வறுத்தெடுப்பார்கள்.

போன கோடையில் எங்கள் மாநிலம் ஒரு சட்டம் போட்டது. ஜூலை ஒன்றாம் தேதியிலிருந்து இந்தக் கோப்புகளை இன்னொருவருக்கு அனுப்பினாலே குற்றம். நாங்கள் கோர்ட்டுக்குப் போனோம். வரைபடமும் ஒரு பேச்சுதான், பேச்சுக்குப் பூட்டுப் போட முடியாது என்றார் எங்கள் வக்கீல். ஒருமுறை வெளியே போன கோப்பை எந்த அரசாங்கத்தாலும் திரும்பப் பிடிக்க முடியாது, அப்புறம் தடை எதற்கு என்றும் கேட்டார். அந்தக் கேள்வியில் எங்களுக்கெல்லாம் தலைகால் புரியாத பெருமை.

அப்போது ஒரு புதுத் துப்பாக்கியின் கோப்பு என் சோதனையில் இருந்தது. ஜூன் முப்பதாம் தேதி மதியம் ஈரவாத்து போன் செய்தான்.

“என்னய்யா பல்லு, அடை காக்குறியா? மத்த ரெண்டு பேரும் பேர் போட்டாச்சு, உன் ஒருத்தனுக்காகத்தான் நிக்குது.”

“இன்னும் சுட்டு முடிக்கல.”

“எவ்வளவு ஆச்சு?”

“பாதிக்கு மேல.”

“அப்புறம் என்ன? மீதி பாதி மட்டும் வேற மாதிரியா சுடப் போவுது? நாளைக்கு அனுப்புனா ஜெயிலு. போடுய்யா.”

பாதிக்கு மேல என்றதே பொய். அறுபத்திரண்டு. அறுபத்திரண்டாவது குண்டில், துப்பாக்கியின் பின்பக்கத்தில் நகத்தால் கீறியது போல ஒரு விரிசல் வந்திருந்தது. ஊருக்கெல்லாம் சொல்வதையே எனக்கும் சொல்லிக்கொண்டேன்: கோப்பில் தவறு இருக்காது, என் பிரிண்ட்தான் சரியில்லை. இன்னொன்று அச்செடுக்க ஒன்றரை நாள் ஆகும். இருநூறு என்று எழுதிப் பெயரைப் போட்டேன்.

செப்டம்பரில், அந்தக் கோப்பில் செய்த துப்பாக்கி கையிலேயே வெடித்து, ராய்ஸுக்கு வலது கையில் இரண்டு விரல் போயிற்று. மரம் அறுக்கும் ஆலையில் வேலை செய்கிறவன், கைதான் அவனுக்குச் சோறு. துண்டுகளை ஒரு காபி டப்பாவில் போட்டு அனுப்பியிருந்தான். லேபில் பல்செட் பார்க்கிற லென்ஸுக்கு அடியில் வைத்தேன். என்னுடையதில் எங்கே விரிசல் வந்ததோ அதே இடம். தவறு கோப்பில்தான் இருந்தது, இரண்டு மாதமாக அது ஊரெல்லாம் போய்க்கொண்டிருந்தது.

கோர்ட்டில் வாய்தா பன்னிரண்டு நாளில். இதை வெளியே சொன்னால் எதிர்த்தரப்பு எங்களைக் கிழித்துத் தொங்கவிடும். அப்போது அப்படித்தான் நினைத்தேன். வழக்கு தோற்பதைவிட என் பெயர் கெடுவதுதான் எனக்குப் பயமாக இருந்தது என்பதை இப்போது சொல்ல முடிகிறது. துண்டுகளை லேப் அடுப்பில் வைத்து, யாரும் மறுபடி பார்த்துச் சொல்ல முடியாதபடி உருக்கினேன். பிறகு அறிக்கை எழுதினேன்: அச்செடுக்கும்போது சூடு போதவில்லை, கோப்பில் குறையில்லை.

குழுவில் அவனைச் சும்மா விடவில்லை. “ராய்ஸு, அடுத்த தடவ பொண்டாட்டிய அச்செடுக்கச் சொல்லு, அவளுக்காவது அடுப்பு பத்த வைக்கத் தெரியும்,” என்று ஒருத்தன் எழுதினான். அதற்கு ராய்ஸ், என் கவனக்குறைவால் எல்லோருக்கும் கெட்ட பெயர், மன்னித்துக்கொள்ளுங்கள் என்று பதில் போட்டான். இடது கையால் தட்டியதால் வார்த்தைக்கு வார்த்தை எழுத்துப்பிழை.

அடுத்த வாரம் எனக்குப் போன் வந்தது.

“எல்டன், ஒருக்கா சரியா செஞ்சு காட்டலேன்னா எனக்கு மனசு ஆறாது. முதல்லேருந்து சொல்லிக் குடுங்க, ப்ளீஸ்.”

பின்னாலிருந்து ஒரு பெண் குரல். “நல்லா உறைக்கிற மாதிரி சொல்லுங்க சார். இந்த மனுஷனுக்கு எதையும் ரெண்டு தடவ சொன்னாத்தான் ஏறும். நீங்க பாட்டுக்கு சொல்லுங்க, நான் எழுதிக்கிறேன்.”

அதுதான் நோரீன். நாற்பது நிமிடம் சொன்னேன். ஒவ்வொரு வரியையும் திருப்பிப் படித்துக் காட்டினாள். வேண்டாம் ராய்ஸ், விட்டுவிடு என்று சொல்ல எனக்கு நாற்பது நிமிடம் இருந்தது. நான் எந்த வெப்பநிலை வைக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். நன்றிக்காக அவர்கள் மான் இறைச்சி வற்றல் ஒரு பொட்டலம் அனுப்பினார்கள். டிவி பார்த்துக்கொண்டே அதைத் தின்று தீர்த்தேன்.

நவம்பரில், ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்து, வீட்டுக்குப் பின்னால் சுட்டுப் பார்க்கப் போயிருக்கிறார்கள். அவனுக்குப் பிடி நிற்கவில்லை. “தள்ளு, பாதிக் கைய வச்சுகிட்டு நீ ஒண்ணும் புடுங்க வேணாம்,” என்று நோரீன் வாங்கிக்கொண்டாளாம். முப்பது குண்டுக்குமேல் ஒழுங்காகப் போயிருக்கிறது. ராய்ஸ் அதையெல்லாம் படம் எடுத்து வைத்திருக்கிறான். எனக்கு அனுப்புவதற்காக. அடுத்த குண்டில் அது அவள் முகத்துக்கு நேரே வெடித்துவிட்டது.

அடக்கம் முடிந்து, சர்ச் கூடத்தில் எல்லோரும் பன்றி இறைச்சியும் உருளைக்கிழங்கும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவன் என்னை ஜன்னல் ஓரம் கூட்டிப் போனான். கோட்டுப் பையிலிருந்து ஒரு கைக்குட்டையை எடுத்துப் பிரித்தான்.

“நீங்க சொன்னது ஒண்ணு விடாம செஞ்சேன், எல்டன். எங்க சொதப்புனேன், சொல்லுங்க.”

உள்ளே இருந்த துண்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். அதே இடம்.

“சூடு பத்தல, ராய்ஸ்,” என்றேன்.

அவன் துண்டுகளைத் திரும்பக் கைக்குட்டையில் முடிந்துகொண்டான். மறுநாள் காலையில் அதோடு உங்களிடம் வந்து அவளைக் கொன்றது தான்தான் என்று எழுதிக் கொடுத்திருக்கிறான்.

ஆக, நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில்: ராய்ஸ் எந்தத் தவறும் செய்யவில்லை. அச்சு மிகச் சரியாக இருக்கிறது. நோரீனைக் கொன்றது நான். கோப்பை எடுத்துவிடச் சொல்லி நேற்று ஈரவாத்துக்கு எழுதினேன். எங்கே இருந்து எடுப்பது, எத்தனை பேரிடம் இருக்கிறதோ என்று பதில் வந்தது. உங்கள் வண்டி வந்திருக்காவிட்டால் நானாக இங்கே வந்திருப்பேனா என்று தெரியாது. வந்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

காகிதத்தைக் கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ராய்ஸை விட்டுவிடுங்கள். ஒரே ஓர் உதவி. இதை அவனிடம் நீங்கள்தான் சொல்ல வேண்டும். நான் சொன்னால் நம்பமாட்டான், தன்னைக் காப்பாற்றத்தான் பழியை என் தலையில் போட்டுக்கொள்கிறேன் என்பான். நான் அவ்வளவு நல்லவன் என்று நம்பிக்கொண்டிருக்கிறான். மனைவியை இழந்து நிற்கிறவன், மேடம். அவனிடமிருந்து அந்த நம்பிக்கையையும் என் வாயால் பறிக்க எனக்கு மனசு வரவில்லை.