மூணாவது வரிசை

— அப்ப கரன்ட்ல ஓடற காரே வேணாங்கிறீங்களா மாமா?

— முழுக் கரன்ட் வண்டி வேணாம்னேன், சிலம்பு. நம்ம கடலூர்ல ஒரு புயல் வந்தா மரத்தயும் கம்பத்தயும் சேத்து சாச்சிட்டுப் போவுது. கரன்ட் எப்ப வரும்னு ஈபிக்காரனுக்கே தெரியாது. அது வரைக்கும் வண்டிய மொறச்சிப் பாத்துக்கிட்டு வாசல்ல நிக்கவா? பாதி பெட்ரோலு, பாதி பேட்டரின்னு வருதே, அதான் நமக்கு சரி.

— ஹைபிரிட். அதுலயும் ரெண்டு தினுசு இருக்கு மாமா. ஒண்ணு, வீட்ல ஒயரு சொருகி சார்ஜ் ஏத்தணும். இன்னொண்ணு, ஓட ஓட தானே ஏத்திக்கும்.

— தானே ஏத்திக்கிறது. எழுதிக்க. சோறு போட்டா சாப்புட்டுட்டு வேலையப் பாக்கணும், ஊட்டி வுடச் சொல்லக் கூடாது.

— சூப்பர் மாமா. இந்த மாதிரி பதிலுக்குத்தான் எங்க கம்பெனியில காத்துக்கிட்டிருக்காங்க. இந்த மாவட்டத்துல வண்டி ஓட்டறவங்க அடுத்து எந்த சைஸ்ல, எந்த மாதிரி ஹைபிரிட் கேக்கறாங்கன்னு தெரியணுமாம்.

— இதக் கேக்கறதுக்கு உனக்கு சம்பளம் வேற குடுக்கறானுவோ. கேளு மச்சான், கேளு. திருப்பாதிரிப்புலியூர்ல யூரியா மூட்ட அடுக்கி ஒரக்கட வச்சிருக்கிற சடையப்பன் சொன்னாருன்னு பேரு போட்டே குடு.

— பேரெல்லாம் போடக் கூடாது மாமா. மொதக் கேள்வி. வீட்ல வண்டி ஓட்டறவங்க எத்தன பேரு?

— நான் ஒருத்தன்தான்.

— நல்லா யோசிச்சி சொல்லுங்க.

— இதுல என்னடா யோசன? பையன் ஹாஸ்டல்ல கெடக்கான், அவனுக்கு சைக்கிளே இன்னும் ஒழுங்கா வரல. எங்கம்மா ஓட்டுவாங்களா, உங்க அக்கா ஓட்டுவாளா? ஒண்ணுன்னு போடு.

— போட்டுட்டேன், ஒண்ணு. அக்காவ இன்னும் உங்க வீட்டுக் கணக்குலதான் சேக்கணுமா மாமா?

— ஏன், அதுல உனக்கு என்ன சந்தேகம்?

— இல்ல, மூணு மாசமா சிதம்பரத்துல எங்க வீட்லதான இருக்குது. அதான் கேட்டேன்.

— இங்க பாரு சிலம்பு. எனக்கு சிதம்பரத்துல ஒரக் கம்பெனி மீட்டிங் இருக்கு. நீ ஊருக்குப் போறேன்ன, ஏத்திக்கிட்டேன். உங்க அக்காவக் கூப்பிட வர்றேன்னு நெனச்சிக்காத. கனகசபை நகர் மொனையில உன்ன எறக்கி வுட்டுட்டு நான் பாட்டுக்குப் போயிடுவேன்.

— ஞாயித்துக்கெழமயில மீட்டிங்கா மாமா?

— நீ அடுத்த கேள்வியக் கேளு.

— கியர் வேணுமா, கியர் இல்லாதது வேணுமா? ஹைபிரிட்ல ஜாஸ்தி கியர் இல்லாமத்தான் வருது.

— கியர் மாத்தாம ஓட்டறது ஒரு ஓட்டறதாடா? அது பொம்பளைங்களுக்கு. நமக்கு கைக்கும் காலுக்கும் வேல இருக்கணும். அப்பறம் ஒசரம் முக்கியம், கேட்டுக்க. மழ பேஞ்சா எங்க தெருவுல முட்டி வரைக்கும் தண்ணி. பேட்டரிய அடியில வச்சி அதுல தண்ணி பூந்துடுச்சின்னா யாரு பதில் சொல்றது?

— ஒசரம்... எழுதிட்டேன். பேட்டரியில ஓடறப்ப சத்தமே வராதாம் மாமா. அது புடிக்குமா?

— சத்தமே வராதா? அப்ப நாம போறது ஊருக்கு எப்படித் தெரியும்?

— உள்ள ஒக்காந்திருக்கறவங்க பேசறது நல்லாக் கேக்கும்.

— பேச்சக் கேக்கறதுக்கா வண்டி வாங்கறோம்? போடு போடு, சத்தம் இருந்தாலும் பரவால்லன்னு போடு.

— சரி, இப்ப முக்கியமான கேள்வி. எந்த சைஸ்? சின்ன வண்டி, டிக்கி நீட்டன வண்டி, அஞ்சு பேரு ஒக்கார்ற ஒசரமான வண்டி, இல்ல இதே மாதிரி ஏழு சீட்டு.

— எட்டு சீட்டு இல்லியா?

— எட்டா!

— ஏழே பத்தலடா. எங்கம்மா, அண்ணன், அண்ணி, தங்கச்சி, அவ வூட்டுக்காரு, புள்ளைங்க. எங்க குடும்பம் கெளம்புச்சின்னா கூட்டமாத்தான் கெளம்பும். அது ஒரு கௌரவம். மொதல்ல சின்ன வண்டி வாங்கனேன், பத்தல. டிக்கி வச்சது வாங்கனேன், அதுவும் பத்தல. அப்பறந்தான் இது.

— அந்த சின்ன வண்டியில அக்கா எங்க ஒக்காரும்?

— பின்னால. முன்னால எங்கம்மா. அவுங்களுக்கு முட்டி வலி இல்ல?

— டிக்கி வச்ச வண்டியில?

— பின்னாலதான், நடுவுல. அண்ணி ஒரு பக்கம், தங்கச்சி ஒரு பக்கம்.

— இந்த வண்டியில?

— மூணாவது வரிசையில. ஒல்லியா இருக்கிற ஆளுதான அங்க பூர முடியும்? ஏன்டா, இதெல்லாமா உங்க கம்பெனி கேக்குது?

— இல்ல மாமா, நான்தான் கேக்கறேன். வண்டி பெருசாவப் பெருசாவ அக்கா பின்னாலயே போயிக்கிட்டிருக்குது. எட்டு சீட்டு வாங்கனீங்கன்னா டிக்கியிலதான் ஏத்துவீங்கன்னு பாக்கறேன்.

— என்ன மச்சான், வாய் ரொம்ப நீளுது?

— கோவப்படாதீங்க. புதுச்சத்திரம் வந்துடுச்சி, ஒரு டீ சாப்புடலாமா?

— இங்க வேணாம்.

— ஏன் மாமா?

— வேணாம்னா வுடேன்.

— இந்தக் கடதானா அது?

— இந்தக் கடதான். ஒரு டீக்கு மச்சான், ஒரே ஒரு டீக்கு மூணு மாசமா ஒரு பொம்பள அம்மா வீட்ல போயி ஒக்காருவாளா? தங்கச்சி பொண்ணுக்குக் காதுகுத்து. எல்லாரும் கெளம்பி வந்தோம். இங்க டீக்கு நிறுத்தனேன். எல்லாரும் எறங்குனாங்க. இவளும் எறங்கிட்டான்னு நெனச்சி சாவிய அமுக்கிப் பூட்டிட்டேன். வேணும்னேவா பூட்டனேன்?

— அக்கா உள்ள இருந்துது.

— சீர் தட்டு, வாழத்தாரு, அண்டா எல்லாம் அவளச் சுத்தி அடுக்கியிருந்தாங்க. அதுக்கு நடுவுல ஆளு இருக்கறதே தெரியல.

— அப்பறம்?

— அப்பறம் என்ன? கண்ணாடிய எறக்கி 'ஏங்க'ன்னு ஒரு கொரலு குடுத்திருக்கலாமில்ல? குடுக்கல. நாங்க டீ குடிச்சி, போண்டா தின்னு முடிச்சப்பறம், அந்தப் பூக்காரம்மா வந்து 'வண்டியில ஒரு பொண்ணு அழுவுது'ன்னு சொல்லித்தான் எனக்கே தெரியும். தொறந்தேன். எறங்கனா. சிதம்பரம் பஸ் ஒண்ணு வந்துது, ஏறிப் போயிட்டா. எங்கம்மா, தங்கச்சி வூட்டுக்காரு அத்தன பேரு முன்னால. அசிங்கம் யாருக்கு?

— மாமா, வண்டிய ஓரங்கட்டுங்க. ஒரு கேள்வி இருக்கு. ஒக்காந்து பாத்துத்தான் பதில் சொல்லணும்.

— என்ன கேள்வி?

— 'உங்க வண்டியில மூணாவது வரிசை எந்த அளவுக்கு வசதி?' அஞ்சுக்கு மார்க் போடணும். நீங்க அங்க ஒக்காந்திருக்கீங்களா?

— ஓட்டறவன் எதுக்குடா அங்க ஒக்காரணும்? நாலு போடு.

— ஒக்காந்துட்டு சொல்லுங்க, நாலே போடறேன்.

— நீ வுட மாட்ட. இந்தா, நிறுத்திட்டேன். நவுரு. இந்த நடு சீட்ட எப்படி மடக்கறது?

— உங்க வண்டி மாமா.

— தெரியும்டா. இங்கதான் எங்கியோ ஒரு...

— கீழ ஒரு வாரு தொங்குது பாருங்க, அத இழுங்க. ஆங். இப்பக் குனிஞ்சி போங்க. இன்னும் குனியணும். தல, தல!

— அய்யோ!

— பாத்து மாமா.

— ஒக்காந்துட்டேன். முட்டி தாடையில இடிக்குது. சரி, மூணு போடு. ஏய், சீட்ட ஏன் நிமித்தற?

— நடுவுல ஆளுங்க ஒக்காந்தா இப்படித்தான இருக்கும்? கதவ சாத்தறேன். சிதம்பரம் வரைக்கும் நான் ஓட்டறேன், நீங்க மார்க்க நிதானமா யோசிங்க.

— டேய்! டேய் சிலம்பு! வெளயாடாத!

— லைசென்ஸ் இருக்கு மாமா, பயப்படாதீங்க.

— ஏசியப் போடுடா!

— போட்டுத்தான் இருக்கு.

— என்னா? கேக்கல!

— போட்டுத்தான் இருக்குன்னேன்! நடு வரிசையோட நின்னுடும், அங்க வராது!

— வேர்த்துக் கொட்டுது. கண்ணாடிய எறக்கறேன். பட்டன் எங்க?

— பட்டன் கெடையாது. அந்தக் கண்ணாடி எறங்காது மாமா.

— எறங்காதா? அது என்ன, எறங்காத கண்ணாடி?

— அப்படியே ஒட்டியிருக்கிற கண்ணாடி. மூணாவது வரிசையில அப்படித்தான்.

— என் வண்டியிலயா?

— உங்க வண்டியிலதான்.

— தள்ளிப் பாக்கறேன், அசையவே மாட்டேங்குது.

— மாமா? என்ன, கண்ணாடியப் போட்டுத் தட்டறீங்க?

— ஒண்ணுமில்ல. நீ ரோட்டப் பாத்து ஓட்டு.

— வெள்ளாத்துப் பாலம் வந்துடுச்சி. அடுத்த கேள்வி கேக்கட்டா?

— சிலம்பு, அவ தட்டியிருப்பா இல்ல?

— தட்டுச்சாம். கை செவக்கற வரைக்கும் தட்டுச்சாம்.

— நான் அந்தப் பக்கம் திரும்பி நின்னுக்கிட்டிருந்தேன்டா. எங்கம்மா டீயில சக்கர கம்மியாப் போடுன்னு கடக்காரன்கிட்ட சொல்லிக்கிட்டிருந்தேன்.

— ம்.

— எங்க போயிட்டு வந்தாலும் 'காலு மரத்துப் போச்சுங்க'ம்பா. 'வயசாயிடுச்சில்ல'ன்னு எல்லாரு எதுருலயும் நக்கல் பண்ணுவேன். அவளும் கூட சேந்து சிரிப்பா.

— மார்க் என்ன போடட்டும் மாமா?

— சைபர் இருக்கா?

— ஒண்ணுலேர்ந்துதான் ஆரம்பிக்குது.

— அப்ப அந்தக் கேள்விய அப்படியே வுட்டுடு. சைஸ் கேட்டியே, அத மாத்து. அஞ்சு சீட்டு. மூணாவது வரிசையே இல்லாத வண்டி. சத்தம் வேணாம்னு போடு, உள்ள பேசறது கேக்கட்டும்.

— அப்ப உங்க அண்ணன், அண்ணி, தங்கச்சியெல்லாம்?

— கூட்டமாப் போறதுன்னா வேன் பேசிக்கலாம். இல்லன்னா பஸ் ஓடுதில்ல? முன்சீட்டு உங்க அக்கா மலருக்கு. முட்டி வலிக்கு எங்கம்மா பின்னால கால நீட்டி ஒக்காரட்டும், இன்னும் நல்லது. இத எழுதாத, நானே சொல்லிக்கறேன்.

— எப்ப சொல்லுவீங்க? நீங்கதான் மொனையிலேர்ந்தே மீட்டிங்குக்குப் போறீங்களே.

— மீட்டிங்காவது மண்ணாங்கட்டியாவது. நேரா வாசல்லயே நிறுத்து.

— நிறுத்தியாச்சு. இருங்க, அக்காவக் கூப்பிடறேன்.

— டேய், என்னத் தொறந்து வுட்டுட்டுப் போடா! சிலம்பு! ஏ மலரு! மலரு! இங்க, பின்னால!

— யாரது, எங்க வீட்டு வாசல்ல வந்து வண்டிக்குள்ளேர்ந்து தட்டறது? ஏங்க! நீங்க அங்க என்ன பண்றீங்க?

— தொற மலரு!

— வாயசையறது தெரியுது, ஒண்ணும் கேக்கல. கண்ணாடிய எறக்கிட்டு சொல்லுங்க.

— எறங்காது! இந்தக் கண்ணாடி எறங்காது!

— எனக்குத் தெரியும்.

— எனக்கு இன்னிக்குத்தான் தெரியும் மலரு. தொற.

— இருங்க, சீட்ட மடக்கறேன். ம், வாங்க. பாத்து, தலையில இடிச்சிக்காதீங்க.

— காலு மரத்துப் போச்சு.

— வயசாயிடுச்சில்ல.

— சொல்லு, நல்லா சொல்லு. எனக்கு வேணும்.

— எங்கேர்ந்து இப்படி வர்றீங்க?

— புதுச்சத்திரத்துலேர்ந்து.

— டீயாவது குடிச்சீங்களா?

— அந்தக் கடையில எனக்கு இனிமே டீ எறங்காது. மலரு, தப்பு என்னுது. அத்தன பேருக்கும் எடம் இருக்கான்னு பாத்தேன், உனக்கு இருக்கான்னு ஒரு நாளும் பாக்கல. நம்ம வீட்டுக்கு வா. இனிமே முன்சீட்டு உனக்குத்தான். எங்கம்மாகிட்ட நான் பேசிக்கறேன்.

— முன்னால ரெண்டு சீட்டு இருக்குதுங்க. நீங்க எதச் சொல்றீங்க?

— ரெண்டா? ஒண்ணு ஓட்டறவன் சீட்டு...

— டேய் சிலம்பு, அந்த சாவிய இப்படிக் குடு.

— இந்தாக்கா.

— மலரு, சாவி எதுக்கு?

— இங்க வந்த நாள்லேர்ந்து அழுதுக்கிட்டு ஒக்காந்திருந்தேன்னு நெனச்சீங்களா? எங்க தெரு பிரிசில்லா அக்கா நடத்தற டிரைவிங் ஸ்கூல்ல சேந்தேன். போன வாரம் லைசென்ஸ் கைக்கு வந்துடுச்சி. கியர் வண்டியிலதான் கத்துக்கிட்டேன், நீங்க எப்பவும் சொல்ற மாதிரி கைக்கும் காலுக்கும் வேல இருக்கட்டும்னு. நீங்க அந்தப் பக்கம் ஏறுங்க. அங்க கண்ணாடி எறங்கும். சிலம்பு, என்கிட்டயும் இந்த சர்வே எடுத்தியே. வீட்ல வண்டி ஓட்டறவங்க எத்தன பேருன்னு ஒரு கேள்வி வருமில்ல, உங்க மாமா என்ன சொன்னாரு?

— ஒருத்தர்தான்னாருக்கா.

— அழிச்சிட்டு ரெண்டுன்னு போடு.