மேலே போய்த் திரும்பும் குரல்

"எங்க வீட்டுக்காரர் எல்லாப் பழியையும் சாட்டிலைட் மேலே போடுறாரு."

எழுபதுகளின் கடைசி அது. தாம்பரம் மின்சார ரயிலில் லேடீஸ் பெட்டி. எனக்கு எதிரே இரண்டு டீச்சர்கள், மடியில் திருத்தாத பரீட்சைப் பேப்பர்கள். சொன்னவர் மூத்தவர்.

"ஏன்க்கா? அமெரிக்காவிலேர்ந்து பையன் பேசினானா, இல்லையா?" என்றார் இளையவர்.

"பேசினான். பக்கத்து வீட்டு போன்ல, மூணு நிமிஷம். இப்பல்லாம் சாட்டிலைட் வழியா வருதாம். பக்கத்து ரூம்லேர்ந்து பேசற மாதிரி அவ்வளவு தெளிவு."

"அப்புறம் என்ன?"

"இந்தக் கிறிஸ்துமஸுக்காவது வர்றியாடான்னு கேட்டேன். பதிலே இல்லை. ஹலோ ஹலோங்கறேன். லைனும் கட் ஆகலை. அவன் மூச்சு விடறது கேக்குது."

"குரல் ஆகாசம் வரைக்கும் போயிட்டுத் திரும்பணும் இல்லக்கா? கொஞ்சம் லேட்டாத்தான் வரும்."

"இவரும் அதையேதான் சொல்றாரு."

பல்லாவரம் வந்தது, போனது. குரோம்பேட்டையில் இறங்குவதற்காகப் பேப்பர்களை அள்ளிக்கொண்டு எழுந்த மூத்தவர் வாசல் கம்பியைப் பிடித்தபடி சொன்னார்:

"சாப்பிட்டியாடான்னு கேட்டதுக்கு மட்டும் பதில் உடனே வந்துதேடி."