ஜித்ராயின் கண்கள்

– மைனோ தீதி, படச்சுருளை விரிக்கறதுக்கு முன்னாடி மொறையா சொல்லிடறேன். உன் மகன் ஜித்ராய் அந்த உலகத்துல கண்ணு தெரியாம தடவித் தடவி அலையறான். செத்தவங்களை வரையற இந்தப் பட்டுவா, படத்துல கருவிழி வெச்சாத்தான் அவனுக்கு வழி தெரியும்.

– என் மாமனார் செத்தப்பவும் இதையேதான் சொன்ன. ஒரு வார்த்தை மாறல.

– மொறை அதுதான் தீதி.

– அந்தக் கிழவனுக்கு உயிரோட இருந்தப்பவே கள்ளுப்பானைக்கு மட்டுந்தான் வழி தெரியும். அதுக்கு ஒரு சேவலை வாங்கிட்டுப் போன.

– நல்ல சேவல்.

– இந்தத் தடவை ஒண்ணும் கெடையாது. சென்னையில சாரம் சரிஞ்சு விழுந்துட்டான்னு எவனோ போன்ல சொன்னான். அங்கேயே எரிச்சுட்டாங்களாம். நான் மொகத்தைப் பாத்தேனா, சாம்பலைப் பாத்தேனா?

– பாக்கலதான்.

– உனக்குக் குடுத்தா, செத்துட்டான்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி.

– குடுக்க வேணாம். படத்தை மட்டும் பாரு. இந்தா.

– தோளு அவன் தோளுதான். காது கொஞ்சம் பெருசு… பட்டுவா, கண்ணு இருக்கே!

– எங்க?

– ரெண்டு கருவிழியும் இருக்கு. என்னையே பாக்கறான்.

– ஐயோ.

– செத்தவனை நீ கண்ணு வெச்சுக் கொண்டுவர மாட்ட. உங்கப்பன் கொண்டுவந்ததில்ல. அப்போ அவன் சாகல. உன் கைக்குத் தெரிஞ்சிருக்கு!

– அப்படி இல்ல தீதி. கல்கத்தா கண்காட்சிக்கு முப்பது படம் வரைஞ்சேன். கண்ணில்லாத படத்தை சுவத்துல மாட்ட பாபுமாருங்களுக்கு பயமாம். எல்லாத்துக்கும் கண்ணு வெச்சே குடுத்தேன். கை பழகிடுச்சு. இதுக்கும் வெச்சுட்டேன்.

– உன் கை தப்புப் பண்ணும். போன்ல பேசினவன் வாய் பண்ணாதா?

– சென்னையில அவன்கூட வேலை பாத்த உன் அக்கா மகன் சோமாய் நேத்து ஊருக்கு வந்துட்டான். அவன்தான் கொள்ளி வெச்சிருக்கான். உன் வாசலுக்கு வர தைரியமில்லாம என் வீட்டுல வந்து அழுதான்.

– அவன் சின்னப் பய. யாரைப் பாத்தானோ.

– மொகம் தெரியலையாம். இடது கையில மூணு சூட்டுத் தழும்பு இருந்துச்சாம்.

– எங்க குல மொறைக்கு ஜித்ராய்க்கு அஞ்சு சூடு போடச் சொன்னேன். மூணோட கத்திக்கிட்டு ஓடிட்டான்.

– தீதி…

– பேசாத.

– நான் கெளம்பறேன். படத்தை நானே எடுத்துட்டுப் போயிடறேன்.

– உக்காரு. டப்பாவுல வெள்ளை இருக்கா?

– இருக்கு.

– அந்தக் கண்ணு ரெண்டையும் மறை.

– வெச்ச கண்ணை எடுக்கறது பாவம் தீதி.

– எடு. இந்தா, என் வெண்கலத் தட்டு, வாங்கிக்கோ. காஞ்சதும் என் முன்னாடி கருவிழியை மெதுவா வை. அவன் பொறந்தப்ப மொதமொதக் கண்ணைத் தொறந்ததை ஊரே பாத்துச்சு. நான் மயங்கிக் கெடந்தேன்.